ஹோபர்ட் டாக்கெட் சொல்லப்போகும் ஒரு வார்த்தை

கம்பி வேலிக்கு மேலே ஒரு காலைப் போட்டுவிட்டாள் வெர்னா. இன்னொரு கால்தான் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

"யம்மா, இறங்கு! இந்த வயசுல என்னம்மா வேலி தாண்டுற வேலை?" காவல்காரன் ஓடி வந்தான்.

"ஹோபர்ட்டைப் பார்க்கணும்."

"திடல்ல இருக்கிற அத்தனை பேரும் அதுக்குத்தான் வந்திருக்காங்க. ஒழுங்கா வாசல் வழியா வந்தாங்க."

"அவர் மேடை ஏறுறதுக்கு முன்னாடி பார்க்கணும் தம்பி. வியாழக்கிழமை என் மகனைக் கொல்லப்போறாங்க."

அவன் கை கொடுத்து அவளை உள்ளே இறக்கிவிட்டான். டென்னசி மாநிலம் முழுக்கத் தெரிந்த விஷயம். லானி ஸ்டிடம், பெட்ரோல் பங்க் கொலை, விஷ ஊசி. நீதிமன்றங்கள் கைவிரித்துவிட்டன. பாக்கி இருப்பது கவர்னரின் கருணை ஒன்றுதான்.

அந்தக் கவர்னர் இன்று இந்தச் சந்தைத் திடலில், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஹோபர்ட் பாட்டென்றால் அவருக்கு உயிர். ஹோபர்ட்டோ காலமெல்லாம் கைதிகளுக்காகப் பாடியவர். ஜெயிலுக்குள்ளேயே போய்ப் பாடியவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால்?

"சீக்கிரம் பேசிட்டு வந்துடு," என்றான் காவல்காரன். "என் வேலை போச்சுன்னா உன் வீட்டுக்குத்தான் சாப்பிட வருவேன்."

மேடைக்குப் பின்னால் நின்ற தன் பேருந்தின் படியில் உட்கார்ந்து கிடாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார் ஹோபர்ட். அவர் மனைவி ஒலீட்டா குறுக்கே வந்து நின்றாள்.

"இப்ப வேணாம்மா."

"விடு ஒலீட்டா. பொம்பளை அழுதுட்டு நிக்கிறா, கண்ணு தெரியல?" அவர் நகர்ந்து இடம் கொடுத்தார். "வா தாயி, உட்காரு."

வெர்னா கொட்டித் தீர்த்தாள். கிழவரின் கண் கலங்கியது.

"பாடுவானா உன் பையன்?"

"உங்க பாட்டு மட்டும்தான். கழுதை மாதிரிப் பாடுவான்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப என் பாட்டைக் காப்பாத்தவாவது அவன் வெளிய வரக்கூடாது. சும்மா சொன்னேன், கோவிச்சுக்காதே. ஜெயில் பாட்டுக்கு முன்னாடி, கவர்னர் மூஞ்சியைப் பார்த்தே கேட்கிறேன். பேர் என்ன, லானியா? சரி."

ஒலீட்டா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மேடையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

ஹோபர்ட் பாடினார். குரல் கரகரத்தது, ஆனால் ஒரு சொல் பிசகவில்லை. ஸ்டீல் கிடார் பின்னால் இழைந்து அழுதது. கவர்னர் கைக்குட்டையை எடுத்தார். ஜெயில் பாட்டு வரப்போகிறது என்று கூட்டத்துக்கே தெரிந்தது. அதற்கு முன்னால்தான் ஹோபர்ட் தொப்பியைக் கழற்றி நாலு வார்த்தை பேசுவார்.

தொப்பியைக் கழற்றினார். நேராக முதல் வரிசையைப் பார்த்தார். 

"என்ன கவர்னரே, வீட்டுக்காரம்மா உங்களைத் தனியா விட்டுட்டாங்களா? ஆச்சரியம்தான்!"

கூட்டம் சிரித்தது. கிடார் ஒலித்தது. பாட்டு தொடங்கி, முடிந்து, அடுத்த பாட்டும் வந்துவிட்டது. கைதட்டல் அடங்குவதற்குள் கவர்னரின் கார் புழுதி கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

வெர்னா பேருந்துக்கு ஓடினாள். "ஏன் கேட்கல? வாக்குக் கொடுத்தீங்களே!"

அதே படி. அதே சிரிப்பு. "வா தாயி, உட்காரு. எதுக்கு அழறே? யாருக்கு என்ன ஆச்சு?"

 ஒலீட்டா வெர்னாவைப் பேருந்துக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"பாட்டெல்லாம் ஞாபகத்துல அப்படியே இருக்கு. இப்பப் பேசினது அடுத்த நிமிஷம் இருக்காது. வெளிய தெரிஞ்சா பாட விடமாட்டாங்கன்னு மறைச்சு வெச்சிருக்கோம்."

"அப்ப மறுபடி சொல்றேன். இப்பவே கவர்னருக்கு ஃபோன் போட்டுக் கொடுங்க. மறக்கிறதுக்குள்ள பேசிடட்டும். பக்கத்துல நானே நிக்கிறேன்!"

ஒலீட்டா தலையசைத்து மறுத்தாள்.

"போன வருஷம் ஒரு நிலத் தரகன் அவரை மேடையில என்னென்னவோ பேச வெச்சு ஊரை ஏமாத்திட்டான். அப்பவே நான் கவர்னர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டேன், வெர்னா. இனிமே ஹோபர்ட் யாருக்காக என்ன கேட்டாலும் காதுல போட்டுக்காதீங்கன்னு... நான்தான் சத்தியம் வாங்கியிருக்கேன்."