விளம்பரமில்லாத பாட்டுகள்

ரேடியோவின் பின்மூடியைக் கழற்றிய அரபா, பேட்டரிகளை ஒவ்வொன்றாக உருவி இடுப்புத் துணியின் மடிப்பில் செருகிக்கொண்டாள். கடைசி பேட்டரி ஸ்பிரிங்கில் மாட்டி, விடுபடும்போது டக்கென்றது.

“என்ன பண்றே?” என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

“பேட்டரி தீந்துபோச்சுப்பா.”

“இப்பத்தானே புதுசு போட்டே.”

“மட்டமான சரக்கு போல.”

அப்பா சிரிக்கப் பார்த்தார். இருமலாகத்தான் வந்தது. சார்ஜென்ட் எஷுன் பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்தவர். கம்பமும் கம்பியும் காதுக்கருவியுமாகவே வாழ்ந்தவர். அவரிடம் ரேடியோ விஷயத்தில் பொய் சொல்வதும் மீன்காரியிடம் பழைய மீனைப் புதுசு என்று சொல்வதும் ஒன்றுதான். ஆனால் அரபாவுக்கு வேறு வழி தெரியவில்லை. காலைச் செய்தியில் பாடகர் ஜோ அன்னோபில் தலைநகர் அக்ராவில் இறந்துபோனதைச் சொல்லிவிட்டார்கள். அப்பாவின் வயதுதான் அவருக்கும். பட்டாள முகாமின் நடன மண்டபத்துக்கு ஒருமுறை பாட வந்தவர், அப்பாவின் தோளில் கை போட்டு நின்று படம் எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்காரர்கள், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். நிம்மதி என்றால் என்ன என்று அவர்கள் விளக்கவில்லை. இந்தச் செய்தியைக் கேட்காமல் இருப்பது அதில் சேரும் என்று அரபாவே முடிவுசெய்தாள்.

தன் ரேடியோவின் வாயைத்தான் அவளால் அடைக்க முடிந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் பக்கத்து வீட்டு மாமே சர்போமாவின் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஜோவின் பாட்டு ஒன்று முடிந்தது. இன்னொன்று தொடங்கியது. அதுவும் ஜோ.

அப்பா காது கொடுத்தபடி கிடந்தார். அந்தப் பாட்டும் முடிந்து மூன்றாவது தொடங்கியபோது சொன்னார்:

“ஜோ போயிட்டானா?”

அரபா போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

“சோப்பு விளம்பரம் எங்க? பல்பொடி விளம்பரம் எங்க? அந்த வளவளா பையன் நடுவுல வந்து ஒளறலையே.”

ரேடியோ என்ன சொல்கிறது என்பதைவிட எப்படிச் சொல்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பட்டாளக் குடியிருப்பில் வளர்ந்த எந்தக் குழந்தைக்கும் இது தெரியும். சாதாரண நாளில் ரேடியோ கந்தலாக இருக்கும்: அரைப் பாட்டு, ஒரு விளம்பரம், ஒரு சிரிப்பு. ஒரே ஆளின் பாட்டு கிழிசல் இல்லாமல் வந்துகொண்டே இருந்தால் அந்த ஆள் இறந்துவிட்டார். அறிவிப்பாளர் குரலே இல்லாமல் விடியற்காலையில் அணிவகுப்பு இசை மட்டும் வந்தால் ஆட்சியைப் பிடிக்கிறார்கள். அணிவகுப்பு மைதானத்து இசைக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. மைதானத்து இசை ஓர் இடத்தில் நிற்கும், ஏனென்றால் நடப்பவர்கள் எங்காவது போய்ச் சேர்வார்கள். இது நிற்காது. அதைக் கேட்டதும் வீட்டுக்கு வீடு பெண்கள் முதலில் செய்வது தண்ணீர் பிடிப்பது, ஏனென்றால் முதலில் மூடப்படுவது குழாய். அடுத்தது, பிள்ளைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவது.

“எப்ப?” என்றார் அப்பா.

“நேத்து.”

“அதுக்குத்தான் பேட்டரிய ஒளிச்சியா?”

“நீங்க வருத்தப்படுவீங்கன்னு.”

“வருத்தப்பட்டு செத்துருவேன்னு.” அவர் கண்ணைத் திறந்தார். “பேட்டரி தீந்தா பாட்டு முதல்ல கொழகொழன்னு வரும், அப்புறம்தான் நிக்கும். பொய் சொல்றதுன்னா அதையும் சேர்த்துல்ல பண்ணணும்.”

“அடுத்த தடவை பண்றேன்.”

“பண்ணு.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “ஊரே அழுதுட்டிருக்கும். இன்னிக்கு யாரு செத்தாலும் அழுகைக்குப் பஞ்சமில்ல. ஜன்னலத் திற. சத்தம் நல்லா வரட்டும்.”

அவள் மாமேயின் வீட்டுப் பக்கத்து ஜன்னலைத் திறந்தாள். ஈரத்துணியால் அவர் உதட்டை நனைத்தாள். கிடார் ஒன்று தனியாகக் கொஞ்ச தூரம் நடந்து போக, பின்னால் மேளம் வந்து சேர்ந்துகொண்டது. அவர் விரல் போர்வைமேல் தாளத்தைத் தேடியது, ஒரு தட்டு தவறவிட்டது, அடுத்ததைப் பிடித்தது. பிறகு பிடிக்கவில்லை.

அரபா எழுந்து நின்றாள். தான் நிற்கும் விதம் அவளுக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. கால்கள் சேர்ந்து, கைகள் விலாவோடு ஒட்டி நின்றிருந்தாள். பட்டாளக் குடியிருப்பில் மாலை கொடி இறங்கும்போது கொம்பு ஊதுவார்கள். அந்த ஊதல் முடியும்வரை யாரும் அசையக்கூடாது. தலையில் தண்ணீர் வாளியோடு வரும் சிறுமியும் அப்படியே நிற்க வேண்டும், வாளி ஒழுகிக் கழுத்து நனைந்தாலும். அந்தப் பழக்கம் உடம்பை விட்டுப் போகவில்லை.

பின்கட்டில் மீன்வலை தைத்துக்கொண்டிருந்த எபோவைப் போய்க் கூப்பிட்டாள். எபோ அப்பாவின் தங்கை மகன். அவன் வந்து நெஞ்சில் காது வைத்தான். கண்களை மூடிவிட்டான். துண்டைக் கிழித்துத் தாடையைக் கட்டினான். பிறகு முதல் வேலையாக வாசல் திரையை இழுத்துவிட்டான்.

“அழுதுடாதே, அரபா.”

“அழல.”

“நான் அனோமாபு போயி, நானா முன்னாடி சாராய பாட்டில வெச்சு, என் வாயால சொல்ற வரைக்கும் மாமா சாகல. யாரு வந்து கேட்டாலும் தூங்கறாரு.”

“போன்ல சொன்னா ஆகாதா?”

“பெரிய மாமா செத்தப்ப போன்லதானே சொன்னோம். என்னாச்சு?”

என்னாயிற்று என்று அவளுக்குத் தெரியும். அவர்கள் வழக்கத்தில் பிள்ளைகள் தாயின் குலம். செத்த மனிதனின் உடல் அவன் பிள்ளைகளுக்கு உரியதல்ல, அவனைப் பெற்றவளின் குலத்துக்கு உரியது. குலத்தின் தலைவர் நானா அக்கோன். சாவு முதலில் அவர் காதுக்குப் போக வேண்டும், நேரில், ஒரு பாட்டில் ஸ்னாப்ஸோடு. அவர் தரையில் இரண்டு சொட்டு ஊற்றி, மூத்தவர்களுக்குச் சொன்ன பிறகுதான் வீட்டில் அழுகைச் சத்தம் எழலாம். பெரியப்பா குமாசியில் இறந்தபோது அவர் பிள்ளைகள் தாங்க முடியாமல் தெருவே கேட்க அழுதுவிட்டார்கள். போனில் சொல்வதற்கு முன்பே நானாவுக்குச் செய்தி பக்கத்து வீட்டுக்காரர் மூலமாகப் போய்விட்டது. ‘அழுதவங்களே பொதைச்சுக்கட்டும்’ என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார். பெரியப்பா யாரென்றே தெரியாதவர்களுக்கு நடுவே நகரத்துக் கல்லறையில் கிடக்கிறார்.

அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். சொந்த ஊரான அனோமாபுவில், தன் தாய்க்குப் பக்கத்தில் இடம். “பட்டாளத்துல நம்பர் போட்ட வீட்லயே காலத்த ஓட்டிட்டேன்,” என்பார். “கடைசியா நம்பர் இல்லாத எடத்துல படுத்துக்கறேன்.” ஏற்கெனவே நானாவுக்கு அவர்மேல் மனத்தாங்கல் உண்டு. பட்டாளத்தான் குலத்துச் சாவுகளுக்கு வந்ததில்லை, மாலையும் காசும் அனுப்பினான், அவனைப் பட்டாளமே பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் பேச்சு.

“சாயங்காலம் வந்துருவேன்,” என்று எபோ பாட்டிலைத் துணியில் சுற்றினான். “சவக்கிடங்கு வண்டியும் நான் வந்தப்புறம்தான். அதுவரைக்கும் சமைக்கறவ மாதிரி இரு. துணி தொவைக்கறவ மாதிரி இரு.”

அவன் ட்ரோட்ரோ வேன் நிறுத்தத்துக்குப் போனான். அரபா பாத்திரம் தேய்த்தாள். தேய்த்ததையே மறுபடி தேய்த்தாள்.

அரபா சிறுமியாக இருந்தபோது, பட்டாளக் குடியிருப்பில் அவர்களுடையது ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் கதவுகள் வைத்த வீடுகளில் ஒன்று. பக்கத்துக் கதவு வடக்கிலிருந்து வந்த கார்ப்பரல் அயம்காவுடையது. அவர் மகள் லமிசியும் அரபாவும் ஒரு தட்டில் சாப்பிட்டவர்கள். அணிவகுப்பு இசை நிற்காமல் ஓடிய ஒரு காலையில் இரண்டு அப்பாக்களும் துப்பாக்கியோடு ஓடினார்கள். ஒருவர் திரும்பி வந்தார். அயம்கா எந்தப் பக்கம் நின்றார், யார் சுட்டது, ஒன்றும் யாரும் சொல்லவில்லை. சில நாளில் ஒரு லாரி வந்தது. லமிசியின் கட்டில், அடுப்பு, கோழிக்கூண்டு எல்லாம் ஏறின. வரிசை முழுக்க ஜன்னல்கள் மூடியே இருந்தன. லமிசிக்குக் கை காட்டப் போன அரபாவை அப்பா கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். யார் அழுகிறார்கள் என்று பார்க்கவும் அந்த நாட்களில் ஆள் இருந்தது. அப்பா வழக்கம்போலக் காலணிக்கு மெருகு போட்டார், வேலைக்குப் போனார்.

மழை பிடித்த பிறகு ஒருநாள் ரேடியோ, கோல்கீப்பர் க்ளோட்டே சாலை விபத்தில் இறந்ததாகச் சொன்னது. அப்பா வாசற்படியில் போய் உட்கார்ந்தார். சீருடையில் இருந்தபடியே, வாயைத் திறந்து, தெரு பார்க்க அழுதார். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஆண்கள் வெளியே வந்தார்கள், அவர்களும் அழுதார்கள். மைதானத்துக்குப் போகும் வழியெல்லாம் க்ளோட்டேவின் பெயர்தான். பந்தாட்டம் இவர்களுக்கு இவ்வளவு பிடிக்குமா என்று அரபா ஆச்சரியப்பட்டாள். பெரியவளான பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டாள்: “அப்பா, க்ளோட்டே எந்த டீம்?” அப்பா ரேடியோவின் முள்ளைத் திருகிக்கொண்டிருந்தார். “தெரியாது,” என்றார்.

“அரபா, கஞ்சி.”

மாமே சர்போமா வாசலில் நின்றாள். கையில் மூடிய கிண்ணம், தலையில் கறுப்புத் துணி, வீங்கிய கண்கள்.

“எழுந்துட்டாரா சார்ஜென்ட்?”

“தூங்கறார்.”

“இந்நேரத்துக்கா? சர்க்கரை கம்மின்னு என்னத் திட்டறதுக்குன்னே எழுந்து உக்காந்திருப்பாரே.”

“ராத்திரி தூங்கல, மாமே.”

“ஜோ சமாச்சாரம் தெரியாதுல்ல?”

“தெரிஞ்சுபோச்சு.”

“எந்தச் சனியன் சொன்னது?”

“உங்க ரேடியோதான்.”

மாமே நெற்றியில் அடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். “என் புத்தியப் பாரு. சத்தத்தக் கொறைச்சு வெச்சிருக்கலாம். என் கல்யாணத்துக்கு அவன் ரெக்கார்டுதான் போட்டாங்க. புருஷன் ஓடிட்டான், ரெக்கார்டு இன்னும் பொட்டிக்குள்ள இருக்கு.” மூக்கைத் துடைத்தாள். “இன்னிக்கு அதயும் எடுத்துத் தொடச்சு வெச்சேன்.”

சுவருக்கு அந்தப்பக்கம் கிடார் ஒன்று தனியாக நடக்கத் தொடங்கியது. காலையில் கேட்ட அதே பாட்டு. அரபா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். மேளம் வந்து சேரும் இடம் வருவதற்குள் உள்ளே போய்விட வேண்டும் என்று நினைத்தாள். மேளம் வந்துவிட்டது. அவள் வாயிலிருந்து வந்த சத்தத்தை அவளால் பாதியில் பிடிக்க முடியவில்லை.

மாமே அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். “அழு. நல்ல மனுசன்தானே. அழு.”

தெருவில் கூடையோடு போன இரண்டு பெண்கள் நின்றார்கள். “ஜோவுக்கா?” என்றாள் ஒருத்தி.

“வேற யாருக்கு,” என்றாள் மாமே. அவர்களும் கூடையை இறக்கி, துணி நுனியைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்கள்.

கொஞ்ச நேரத்தில் மாமே முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “கஞ்சி ஆறுது. தலமாட்டுல வெச்சுட்டு வரேன்.”

அரபா எழுந்து தடுப்பதற்குள் மாமே திரையை விலக்கிவிட்டாள். விலக்கியபடியே நின்றாள். கிண்ணம் அவள் கையில் அசையவில்லை. பிறகு திரையை விட்டாள், அதன் ஓரத்தை நீவிச் சரிசெய்தாள், வெளியே வந்தாள்.

“எப்படி இருக்கார்?” என்றாள் கூடைக்காரி.

“தூங்கறார்,” என்றாள் மாமே.

கிண்ணத்தின் மூடியைச் சரியாகப் பொருத்தி, படியின் ஓரத்தில் வைத்தாள். அரபாவைப் பார்க்காமல் கேட்டாள்: “எபோ எங்க?”

“அனோமாபு போயிருக்கான்.”

“எப்ப வருவான்?”

“சாயங்காலம்.”

“ம்,” என்றாள் மாமே. கூடைக்காரிகளைப் பார்த்து, “வாங்கடி, எங்க வீட்டு வாசல்ல உக்காருவோம். ஜோவோட ரெக்கார்டு காட்டறேன்,” என்று கூட்டிக்கொண்டு போனாள்.

சற்று நேரத்தில் சுவருக்கு அந்தப்பக்கம் ரேடியோவின் சத்தம் ஏறியது. இன்னும் ஏறியது. திருகு போகும் கடைசிவரை போயிருக்க வேண்டும். ஒலிபெருக்கியின் காகிதம் அதிர்ந்து பாட்டின் அடிக்குரல் கரகரத்தது. அதற்கும் மேலே மாமே பெருங்குரலில் ஜோவின் பெயர் சொல்லி அழத் தொடங்கினாள்.

அரபா உள்ளே போனாள். இடுப்பு மடிப்பிலிருந்து பேட்டரிகளை எடுத்தாள். உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தன. தட்டையான பக்கம் ஸ்பிரிங்கோடு சேர ஒவ்வொன்றாகப் போட்டு, பின்மூடியைப் பொருத்தி, ரேடியோவை அப்பாவின் தலைமாட்டில் வைத்துத் திருகினாள். முள் சரியான இடத்தில்தான் இருந்தது. அங்கே பாடியதே இங்கேயும் பாடியது, ஒரு சொல் முந்தாமல், ஒரு சொல் பிந்தாமல்.

பிறகு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். அழுதாள், முகத்தை மூடிக்கொள்ளவில்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த வயதானவர் ஒருவர் அவளைப் பார்த்து நின்றார். உள்ளேயிருந்து வரும் பாட்டைக் கொஞ்சம் கேட்டார். தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

“பெரிய மனுசன்மா,” என்றார்.

“ஆமா,” என்றாள் அரபா.