மடுவத்தில் ஏறிய பிரஷர்

கொழும்பிலிருந்து வந்த சுகாதாரப் பொருளியலாளர் கலாநிதி தரணிதரன் தேயிலைத் தோட்ட மருந்தகத்துத் தாதி சுலக்ஷனாவின் மேசைமேல் மடிக்கணினியைத் திறந்தார். ஒரு வருடமாக அவள் புதன்கிழமைகளில் நடத்திவரும் பிரஷர் கிளினிக்கைத் தொடர்வதா மூடுவதா என்பது அவருடைய அறிக்கையில்தான் இருந்தது.

"வருத்தமான செய்தி மிஸ். உங்க கிளினிக்குக்கு வந்த அத்தனை பேருக்கும் பிரஷர் கூடியிருக்கு. காசு குடுத்து நோய் வாங்கியிருக்கோம்."

திரையில் ஒரு சிவப்புக் கோடு மலையேறிக்கொண்டிருந்தது.

"ஒழுங்கா மருந்து குடிக்கிறாங்களே சார்!"

"தரவு பொய் சொல்லாது."

மத்தியானக் கொழுந்தை நிறுக்கப் போகிற வழியில் மாத்திரைக்கு வந்த ராக்காயி, நிறைந்த கூடையோடு வாசலில் நின்றாள். "போன வருசம் ஒங்க ஆளுங்க காலையில பெரட்டுக் களத்துலல்ல அளந்தாங்க? இந்த வாட்டி ஏன் மேல, கொழுந்து மடுவத்துல வச்சி கைய அமுக்குறாங்க?"

"எல்லாரும் நிறுக்க அங்கதானே கூடுறீங்க. நேரம் மிச்சம். என்னோட யோசனைதான்" என்றார் கலாநிதி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தபடி.

சுலக்ஷனாவுக்கு உறைத்தது. பெரட்டு என்ற காலைக் கூட்டத்தில் வேலை பிரிக்கும்வரை பெண்கள் சும்மா நின்று ஊர்க்கதை பேசுவார்கள். மேட்டில் இருக்கும் நிறுவைக் கொட்டகையான மடுவத்துக்கோ கூடை நிறையக் கொழுந்தோடு செங்குத்தாய் ஏறி வருவார்கள்.

"சார், கைய நீட்டுங்க." பிரஷர் நூற்றிருபத்து நான்கு. "ராக்காயிக்கா, கூடைய சாருக்குக் குடுங்க."

"ஐயோ, ஏன் மிஸ்?"

"தரவுக்குத்தான் சார்."

வழியில் நின்ற பெண்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் மறுக்க வழியில்லை. கூடைக் கயிறு நெற்றியை இழுக்க, பளபளத்த சப்பாத்து வழுக்க, கலாநிதி மேட்டுப் பாதையில் மூன்று இடத்தில் நின்று இயற்கையை ரசித்தார். மடுவத்தில் மறுபடி அளந்தபோது நூற்றெழுபத்தெட்டு.

"பாவம், இவரையும் கிளினிக்குல சேத்துக்குங்க மிஸ்" என்றாள் ராக்காயி. "புதன்கிழம நேரத்தோட வாங்க சார், வரிச பெருசு."

கலாநிதி கூடையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை பெரட்டுக் களத்திலேயே எல்லோரையும் அளந்தார்கள். கோடு மளமளவென்று இறங்கியது. கிளினிக்கை இன்னும் மூன்று வருடம் நடத்தலாம் என்றது அறிக்கை. அளக்கும் இடத்தால் வரும் பிழைக்கு அதில் 'தரணிதரன் திருத்தம்' என்று பெயர் சூட்டப்பட்டிருந்தது.

சுலக்ஷனா அதை வாசித்துக் காட்டியபோது ராக்காயி கேட்டாள்:

"அந்தக் கூடை யாரோடதுன்னு எங்கயாச்சும் போட்டிருக்கா?"