ஜன்னல் பக்கத்து ஐந்து பேர்

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு ஆசிரியரும் ஆண்டின் தொடக்கத்தில், தான் அந்த வருஷம் புதிதாக என்ன கற்றுக்கொள்ளப்போகிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் போதும். கற்றுக்கொண்டீர்களா என்று யாரும் கேட்டு வம்பை விலைக்கு வாங்கியதில்லை. கணக்கு டீச்சர் போன வருஷத்துத் தாளில் தேதியை மட்டும் மாற்றிக் கொடுப்பார். அதற்கு முந்தின வருஷமும் அதே கதைதான்.

புதிதாக வந்த தலைமையாசிரியை இந்த வேலைக்கு முற்றுப்புள்ளி வைத்தார். "ஒரே ஒரு குறிக்கோள் எழுதுங்க போதும். வேற பாடம் எடுக்கிற ஒருத்தர் உங்க வகுப்புல உக்காந்து பாப்பாங்க, பாத்ததை உங்ககிட்டயே சொல்வாங்க" என்றார்.

கணக்கு டீச்சர் யோசிக்கவே இல்லை. 'பின்தங்கிய பிள்ளைகளை வாய் திறக்கவைக்கும் வழிகளைக் கற்பது' என்று எழுதினார். பின்தங்கியவர்கள் யார் என்பதிலும் அவருக்குச் சந்தேகமில்லை. பத்தாம் வகுப்பில் ஜன்னல் பக்கத்து வரிசை, ஐந்து பேர். கேள்வி கேட்டால், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல உட்கார்ந்திருப்பார்கள்.

டீச்சர் கறாரான ஆள். முதல் நாள் உட்கார்ந்த இடம்தான் கடைசி நாள் வரைக்கும். கரும்பலகைப் பக்கத்தில் கதவோரமாக நிற்பார், அங்கிருந்து அசையமாட்டார்; பிள்ளைகளைப் பார்த்து நின்றால் ஜன்னல் வரிசை அவருக்கு இடப்பக்கம். வகுப்பில் எழுந்து பதில் சொல்வதற்கே பாதி மதிப்பெண் என்பதும் அவர் போட்ட சட்டம்தான். "எழுத்துல பக்கத்து ஆளைப் பாத்துக் காப்பி அடிக்கலாம். வாயால அடிக்க முடியுமா?" என்று பெருமையாகக் கேட்பார்.

அந்தச் சட்டப்படி பார்த்தால் ஐந்து பேரும் தேறவில்லை. அவர்களை எளிய கணக்குப் பிரிவுக்கு மாற்ற ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார். அங்கே போனவர்கள் மேல் வகுப்பில் கணக்கோ அறிவியலோ எடுக்க முடியாது. ஐவரில் ஒருத்தி, பாலம் கட்டப் படிக்கப்போகிறேன் என்று சொல்லித் திரிகிற ஒல்லிப் பெண். ஆசைக்கு அளவு வேண்டாமா என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

புதன்கிழமை ஓவிய டீச்சர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அன்றைக்குப் பாடம் வட்டமும் தொடுகோடும்.

"வட்டத்துக்கு வெளியில ஒரு புள்ளி. அதுலேருந்து எத்தனை தொடுகோடு வரையலாம்?"

ஜன்னல் வரிசை சொல்லட்டும் என்றுவிட்டு டீச்சர் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். வழக்கம்போல மௌனம். முதல் பெஞ்சிலிருந்து 'தபால்' எழுந்தாள். "ரெண்டு, மிஸ்!"

"சபாஷ்."

வகுப்பே அந்தப் பெண்ணைத் தபால் என்றுதான் கூப்பிடும். சாக்பீஸ் எடுக்க, தாள் கொடுக்க ஓடுகிறவள், அதனால் வந்த பெயர் என்று டீச்சர் நினைத்திருந்தார். அடுத்த கேள்விக்கும் தபால்தான், அதற்கடுத்ததற்கும் அவள்தான்.

மதியம் ஆசிரியர் அறையில் ஓவிய டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, அந்த ஒல்லிப் பொண்ணு எல்லாத்துக்கும் பதில் சொல்லுது. நீங்க ஒரு தடவைகூடத் திரும்பல."

"அவளா? அவ வாயே திறக்கல."

"திறந்தாளே அக்கா. மத்த நாலு பேரும்தான் சொல்றாங்க. தபால் அதை வாங்கி, எழுந்து உங்களுக்குச் சொல்லுது."

டீச்சருக்குச் சுருக்கென்றது. "படம் வரையறவங்க பின்னாடி உக்காந்தா இப்படித்தான், இல்லாததெல்லாம் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். ஓவிய டீச்சர் எழுந்து, சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். முகத்தில் கோபம் இல்லை.

"தண்ணி பிடிக்கப் போறப்ப உங்க இடப்பக்கமா நின்னு ரெண்டு தடவை கூப்பிட்டேன் அக்கா, நீங்க திரும்பல."

எதிரே இருந்த அறிவியல் சார் தலையைக் குனிந்துகொண்டு மும்முரமாகச் சாப்பிட்டார். அவருக்கும் தெரிந்திருக்கிறது என்று டீச்சருக்கு அப்போது புரிந்தது. அவமானமாக இருந்தது. டப்பாவை மூடி வைத்தார்.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கணவரைக் கேட்டார். "எனக்கு இடது காது கேக்கலையா?"

கணவர் செய்தித்தாளை மடித்தார். சாப்பாட்டு மேஜையில் எப்போதும் எதிரே உட்கார்ந்தவர் எப்போது தனக்கு வலப்பக்கம் மாறினார் என்பது டீச்சருக்கு ஞாபகம் வரவில்லை.

"போன வருஷமே சொன்னேனே."

"எப்போ சொன்னீங்க?"

"சொன்னேன். எந்தப் பக்கம் உக்காந்து சொன்னேன்னுதான் தெரியல."

வேறொரு நாளாக இருந்தால் டீச்சர் சிரித்திருப்பார். அன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் வகுப்பில் முதல்முறையாகக் கதவோரத்தை விட்டு நடந்தார். ஜன்னல் வரிசைக்குப் போய், வலது காது அவர்கள் பக்கம் இருக்கும்படி நின்றார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்த ரெண்டு தொடுகோடும் எப்படி இருக்கும்?"

"ரெண்டும் ஒரே நீளம், மிஸ்" என்றாள் ஒல்லிப் பெண், நூறு தடவை சொல்லிச் சலித்தவள்போல.

"இதை முன்னாடியெல்லாம் சொல்லியிருக்கியா?"

அவள் தபாலைப் பார்த்தாள். தபால் எழுந்தாள்.

"உங்களுக்கு அந்தப் பக்கம் கேக்காதில்ல மிஸ், அதான் நான் சொல்லிடுவேன். உங்ககிட்ட சொன்னா கோபம் வரும்னு எல்லாருமா பேசி, சொல்லாம விட்டுட்டோம். மார்க்கெல்லாம் எனக்கே போடுவீங்கன்னு தெரியாது மிஸ்."

டீச்சருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று இருந்தது. பாடத்தை நடத்தி முடித்துவிட்டு நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனார். காது கேட்காத ஆசிரியரை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் என்ன செய்யும் என்ற பயம் வழியெல்லாம் கூடவே வந்தது. ஆனாலும் போனார்.

"அந்த அஞ்சு பேரையும் பட்டியல்லேருந்து எடுத்துடுங்க மேடம். அவங்க நல்லாத்தான் படிக்கிறாங்க. எனக்குத்தான் இடது காது கேக்கல. டாக்டரைப் பாக்கிறேன், கருவி வேணும்னா வெச்சுக்கிறேன். என் குறிக்கோளையும் மாத்தி எழுதணும்."

தலைமையாசிரியை திட்டவில்லை. பேனாவை எடுத்து ஐந்து பெயர்களையும் அடித்தார். "சொன்னது நல்லதாப் போச்சு டீச்சர். காதுக்கு வைத்தியம் இருக்கு, வேலைக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். டீச்சருக்கு உயிர் வந்தது. நன்றி சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தார்.

"ஒரு நிமிஷம் டீச்சர். போன வருஷமும் நாலு பேரை எளிய பிரிவுக்கு அனுப்பியிருக்கீங்க இல்ல? அவங்க எங்க உக்காந்திருந்தாங்க?"

தலைமையாசிரியை வலப்பக்கம்தான் இருந்தார். கேள்வி தெளிவாகவே கேட்டது. டீச்சர் மறுபடி உட்கார்ந்தார்.

"ஜன்னல் பக்கம்" என்றார்.