சம்பந்தி பார்க்கக் கூடாத பலகை

லாட்ஜ்காரரின் பலகையில் ‘அக்காமடேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே ஒரு எம்தான் இருந்தது. இரண்டு சி, இரண்டு எம் வர வேண்டும் என்று மகள் சொன்னபோது அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அது அவருடைய அப்பா பக்கத்தில் நின்று எழுதவைத்த பலகை. அப்பாவாவது, தப்பு விடுவதாவது.

ஆனால் மகளைக் கட்டிக்கொள்ளப்போகிறவனின் அம்மா அன்று வருகிறார். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர். 

“இன்னொரு எம் சொருக முடியுமாப்பா?” என்று பெயின்டரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“எங்க சொருகுறது? எழுத்தெல்லாம் பஸ்ல ஆள் நிக்கிற மாதிரி நெருக்கிக்கிட்டு நிக்குது. மொத்தமா அழிச்சுட்டு எழுதலாம்.”

“எங்கப்பா வச்சதை அழிக்கிற கை இன்னும் பிறக்கல. ஒரு பெட்ஷீட்டை எடுத்து மூடு.”

மூடியாயிற்று. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். சாயங்காலமாகியும் சம்பந்தியம்மாவைக் காணோம். போனில் விசாரித்த மகளின் முகம் ஒரு மாதிரியானது.

“அவங்க வந்து ரொம்ப நேரமாச்சாம்ப்பா. நம்ம போர்டைத் தேடிப் பார்த்துட்டு, எதிர்ல மாமா லாட்ஜ்ல ரூம் போட்டுட்டாங்களாம்.”

மாமா என்றால் அவருடைய மச்சினன். எதிர்வரிசையில் கடை விரித்துப் போட்டிக்கு நிற்பவன். அவர் தெருவைத் தாண்டிய வேகத்தில் ஒரு செருப்பு நடுரோட்டிலேயே தங்கிவிட்டது.

மச்சினன் வாசலில் நின்றிருந்தான். “வாங்க அத்தான். உங்க சம்பந்தியம்மா சோப்பு கேட்டாங்க, புதுசே கொடுத்துட்டேன்.”

“பல்லைக் காட்டாதே. பெட்டியை எடுத்துட்டு வா.”

சம்பந்தியம்மா சங்கடத்தோடு வெளியே வந்தார். “தப்பா எடுத்துக்காதீங்க. பெரிய போர்டு இருக்கும்னு சொன்னாங்க. போர்டையே காணோம்.”

லாட்ஜ்காரர் திரும்பிப் போய் நாற்காலி மேல் ஏறி, பெட்ஷீட்டை ஒரே இழுப்பாக இழுத்தார். பின்னாலேயே வந்த சம்பந்தியம்மா அண்ணாந்து பார்த்தார். உதடு அசைய எழுத்துக் கூட்டினார்.

“ஒரு எம் குறையுதே.”

“குறையுதுதான்” என்றார் லாட்ஜ்காரர். மகள் வாயைப் பிளந்தாள். “எங்கப்பா வேலையை வெளியாள் குறை சொன்னா சண்டைக்குப் போயிருவேன். நீங்க நம்ம வீட்டு ஆளு. சொல்லலாம். உள்ள வாங்க.”

“அப்போ நான் மட்டும் வெளியாளாப்பா?” என்று கேட்டாள் மகள்.

“நீ பெட்டியைப் பிடி.”