அஸ்பாக்கின் நாற்பத்தேழு அறிவித்தல்கள்

மேலாளர் மக்கீன் சேர் கொழும்பில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்தால் அலுவலகத்துக்கு ஏதாவதொரு கேடு நிச்சயம். இந்த முறை வந்த கேட்டின் பெயர் அறிவித்தல்.

கல்முனையில் லுங்கி விற்கும் ஒரு சாரக் கடைக்கு மேல்மாடிதான் அலுவலகம். சுனாமியில் கடல் கொண்டுபோன வீடுகளுக்குப் பதிலாக வெளிநாட்டு நிறுவனமொன்று கட்டும் வீடுகளை யாருக்கு எழுதுவது என்று பட்டியல் போடும் மென்பொருளை அங்கே நாலு பேர் எழுதினார்கள். எல்லோரும் எழுதும் நிரல்வரிகளும் ஒரே களஞ்சியத்தில் சேரும். அதில் யார் எதை மாற்றினாலும் மாற்றியவர் எழுதும் குறிப்போடு செய்தி உடனே எல்லோருடைய கணினியிலும் சட் சேனலில் வந்து விழ வேண்டும் என்று மக்கீன் சேர் உத்தரவு போட்டார். திரும்பினால் முழங்கை இடிக்கிற இடத்தில் நாலு பேருக்கு அறிவித்தல்! நாலு பேரில் ஒருத்தியான நிப்லா அரை மணித்தியாலத்தில் அதைச் செய்து கொடுத்தாள்.

அன்றோடு பிடித்தது சனியன். அஸ்பாக் இரண்டு பிள்ளைகளின் தகப்பன், முன்பு டைப்பிங் கடை வைத்திருந்தவர். ஒரு கமா போட்டால் ஓர் அறிவித்தல், அதை எடுத்தால் இன்னொன்று. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகுமுன் மக்கீன் சேர் சேனலைத் திறந்து வைத்து எண்ணுவார்.

"அஸ்பாக் நாப்பத்தேழு. நிப்லா மூணு. வேல செய்யிற ஆள் யாரெண்டு இப்ப விளங்குதா?"

அந்த மூன்றில்தான் முழுப் பட்டியலும் ஓடியது. அதைச் சொன்னால் அவருக்கு விளங்கவா போகிறது? நிப்லா தன் கணினியில் இரண்டு வரி எழுதி, அஸ்பாக்கின் அறிவித்தல் எதுவும் தன் கண்ணில் படாமல் மறைத்துவிட்டாள். பகல் சோற்றுக்கு வீட்டுக்குப் போனபோது அக்கா முனவ்வறா ராத்தாவிடம் கமாக் கதையையும் மறைத்த கதையையும் நடித்துக் காட்டினாள். முனவ்வறா சிரித்ததில் சோறு புரையேறியது.

முனவ்வறா சிரிப்பதே அபூர்வம். அவளைக் கட்டிய மாப்பிள்ளை காலிதீனையும், கல்யாணத்துக்கு உம்மா கொடுத்த கல்முனைக்குடி வீட்டையும் கடல் ஒரே காலையில் எடுத்துக்கொண்டது. இந்தக் கரையில் வீடு என்றால் பெண்ணுக்குத்தான். பெற்றவர்கள் கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். பட்டியலில் இருநூற்றுப் பதினாலாம் வீடு முனவ்வறாவுக்கு. அது இருந்தால்தான் நாளைக்கு அவள் மகளுக்கு ஒரு மாப்பிள்ளை.

வீடு கையளிப்பு விழாவில் இருநூற்றுப் பதினாலுக்கு முனவ்வறா எழுந்து நின்றாள். ஒலிபெருக்கி அழைத்தது காலிதீனின் தம்பி சரீபை. சாய்ந்தமருதில் பெண்சாதி வீட்டில் சுகமாக இருக்கிற மனிதர், மேடையேறி வீட்டு உறுதிப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு இறங்கினார்.

"எழுத்தில என்ட பேர்தானே இரிக்கி மதினி. அல்லாஹ்ட நாட்டம்" என்றார். அல்லாஹ்வின் பெயரை இழுக்க மட்டும் இவர்களுக்கு வெட்கமே கிடையாது.

நிப்லா முனவ்வறாவின் கையைப் பிடித்து நேரே அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். மக்கீன் சேர் பதறவில்லை.

"நிறுவனத்துட விண்ணப்பப் போமில குடும்பத் தலைவர் எண்டு கேட்டிரிக்கி. ஆம்புளைட பேரப் போடுங்க, அவர் கடல்ல மௌத்தாயிருந்தா அடுத்த ஆம்புளைட பேரப் போடுங்க எண்டு நான்தான் அஸ்பாக்கிட்டச் சொன்ன. சேனல்லயும் வந்ததுதானே."

"நீங்க அதப் பாத்தீங்களா சேர்?"

"எண்ணினேன்."

நிப்லா அஸ்பாக்கின் பக்கம் திரும்பினாள். "நீங்களும் இந்த ஊரான்தானே காக்கா? ஒங்கட பொஞ்சாதிட ஊட்டிலதானே நீங்களும் இரிக்கீங்க? கமாக்கெல்லாம் மணியடிக்கிற நீங்க, இதக் கேக்கத் தெரியாமப் போச்சா?"

அஸ்பாக் கோபப்படவில்லை. தன் கணினியைத் திருப்பிக் காட்டினார். கமா, இடைவெளி, கமா, எழுத்தின் நிறம் என்று வரிசையாகக் கிடந்த அறிவித்தல்களுக்கு நடுவில் ஒன்று நீளமாக இருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியிருந்தார்.

'வீட்டுக்காரி பேரை எடுத்து ஆம்பிளை பேர் போட்டிருக்கிறேன். சேர் சொன்னார். எனக்கு மனமில்லை. நிப்லா, நீங்கள் பார்த்துப் பிழை என்றால் சொல்லுங்கள், உடனே திருப்புகிறேன்.'

"மத்தவங்களுக்கு நான் எழுதினதெல்லாம் கமாதான்" என்றார் அஸ்பாக். "இத ஒங்களுக்கெண்டே எழுதின. மூணு நாள் ஒங்கட பதிலப் பாத்த. நீங்க ஒண்டுமே சொல்லல்ல. அப்ப சரியாக்கும் எண்டு நினைச்சன்."

"திருத்தம் ஒண்டு போடுங்களன் நிப்லா" என்றார் மக்கீன் சேர். "சேனல்ல வரட்டும்."

அந்தத் திருத்தத்தை நிப்லா ஐந்து நிமிடத்தில் எழுதுவாள். சரீப் வீட்டு அலுமாரிக்குள் போய்விட்ட உறுதியில் அது ஓர் எழுத்தையும் மாற்றாது. அவள் ராத்தாவைப் பார்த்தாள்.

முனவ்வறா இன்னும் அந்தத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆங்கில எழுத்தைக் கூட்டிக்கூட்டித் தங்கையின் பெயர்வரை வந்து நின்றாள்.

"இந்த மனிசன்ட எழுத்தையா தங்கச்சி ஒளிச்சுப் போட்டாய்?" என்றாள். "நானும் சேந்து சிரிச்சேனே."