மோசமான நாளைச் சொல்லுங்கள்

அலுவலக வராந்தாவின் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்த மாத்திரத்தில் கைக்காரிக்குக் கண் சொக்கியது. தையல் பட்டறையில் சட்டைகளுக்குக் கை வைத்துத் தைப்பது அவள் வேலை. அதனால் அங்கே எல்லோருக்கும் அவள் கைக்காரிதான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்.

பக்கத்தில் ஒன்பது வயது மகள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். வைத்த பெயருக்குத் துளியும் குறை வைக்காத பிள்ளை. வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் வாசல் காவல்காரருக்குத் தன் பள்ளிக்கூடத்தில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்பதிலிருந்து கணக்கு டீச்சர் தும்முகிற விதம் வரை ஒப்பித்து முடித்திருந்தாள். அந்த மனிதரும் பாவம், வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"டோக்கன் பதினேழும்மா, நாமதான் அடுத்து!" என்று கத்தினாள்.

"தெரியும்டி, மெதுவாப் பேசு."

பிள்ளைக்கு ஐந்து வயதில் வந்தது சர்க்கரை வியாதி. உடம்பு இன்சுலினைச் சுரக்க மறந்துவிட்டது, இனி ஆயுசுக்கும் ஊசிதான் என்று டாக்டர் சொன்னார். நாளைக்கு நாலு ஊசி. காலையும் மாலையும் படுக்கும் முன்பும் வீட்டில் போட்டுவிடலாம். மத்தியானத்து ஊசிதான் குடும்பத்தையே ஆட்டிவைத்தது. பள்ளிக்கூடத்தில் யாரும் அந்த ஊசியைக் கையால் தொடமாட்டோம் என்று கும்பிடு போட்டுவிட்டார்கள். அதனால் பன்னிரண்டடிக்கக் கால்மணி இருக்கும்போது கைக்காரி மிஷினை விட்டு எழுந்து ஓடுவாள். மேஸ்திரி இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். பிறகு அவளை அரைநாள் வேலைக்கு மாற்றிவிட்டார். இப்போது அதற்கும் வேட்டு. அடுத்த மாதத்திலிருந்து முழுநாள் வா, முடியாவிட்டால் வேற ஆளைப் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

கணவன் சரக்கு வேன் ஓட்டுகிறான். வேனின் டயர் தேய்வதற்கு முன்னால் அவன் தேய்ந்துவிடுவான் போலிருந்தது. அவன் சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடும். விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கிற பட்டைகள் அவள் சம்பளத்தில்தான் வந்தன. இப்படிப்பட்ட பிள்ளைகளின் குடும்பத்துக்கு அரசாங்கத்தில் மாதாமாதம் உதவித்தொகை உண்டு. அது வந்தால் மேஸ்திரிக்கு ஒரு கும்பிடு போட்டு வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே கிழிசல் தைத்துக்கொண்டு மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குப் போய்வரலாம். வராவிட்டால் ஒன்று பட்டைக்கு வழியில்லை, இல்லை மத்தியான ஊசிக்கு ஆளில்லை.

மனு ஒருமுறை போய்த் திரும்பி வந்துவிட்டது. 'சம வயதுக் குழந்தைகளைவிடக் கூடுதல் கவனிப்பு தேவைப்படவில்லை' என்று ஒரே வரி. மறுமனு போட்டதில்தான் இன்றைக்கு விசாரணை. மறுமனு போடும் முன்னால், பழைய மனுவின் நகலைப் படித்துப் பார்த்த ஆஸ்பத்திரி நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்னம்மா இது? ஸ்கூல்ல சீட்டு கேட்டு எழுதின மாதிரி இருக்கு! 'நன்றாக இருக்கிறாள், நன்றாகப் படிக்கிறாள், இரவில் நிம்மதியாகத் தூங்குகிறாள்.' யாரு தூங்குறா?"

"அவதான். அவ தூங்குவா. நான்தான் அலாரம் வெச்சு எந்திரிச்சு விரலைக் குத்திப் பாப்பேன்."

"அதை ஏன் எழுதல?"

"அது என் வேலைதானேக்கா. அதைப் போய் எதுக்கு எழுதிக்கிட்டு?"

"நல்லா இருக்குன்னு சொன்னா எவன் பணம் தருவான்? அவங்க கேக்குறது மோசமான நாளை. அதைச் சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு."

நர்ஸுக்கென்ன, சொல்லிவிட்டாள். பிள்ளை காதுபட அந்த வியாதியைப் பற்றி ஒரு பெருமூச்சுகூட விடக்கூடாது என்று கைக்காரி தன் வீட்டில் சட்டம் போட்டு வைத்திருந்தாள். "ஐயோ, உன் பொழப்பே இதுல போகுதே" என்று ஒருநாள் உச்சுக் கொட்டிய நாத்தனாரோடு இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. தான் ஒரு பாரம் என்று பிள்ளைக்குத் தோன்றிவிடக்கூடாது. மற்றதெல்லாம் எப்படிப் போனாலும் போகட்டும் என்பது அவள் கட்சி.

உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரிக்கு ஓய்வுபெறும் வயது இருக்கும். அவர் கண்ணுக்குக் கீழேயும் தூக்கமில்லாத கறுப்பு. மேசையில் காகிதங்கள் அவர் மோவாய் வரை நின்றன.

"சார், பிள்ளை கொஞ்சம் வெளியில இருக்கட்டுங்களா?"

"இல்லம்மா. பிள்ளையை நேர்ல வெச்சுத்தான் விசாரிக்கணும். விதி அப்படி." பேனாவை எடுத்தார். "மோசமான நாள் ஒண்ணைச் சொல்லுங்க."

கைக்காரி மகளைப் பார்த்தாள். "அப்படி ஒண்ணும் இல்லீங்க... சமாளிச்சுக்குறோம்."

"நான் ஓட்டப்பந்தயத்துல ரெண்டாவது சார்!" என்றாள் வாயாடி. "ஊசி போட்டா அழமாட்டேன். எங்கம்மாவைக் கேட்டுப் பாருங்க."

அதிகாரி சிரித்துக்கொண்டே எழுதினார். 'ஆரோக்கியமாக உள்ளாள்' என்பதைக் கைக்காரி தலைகீழாகவே படித்துவிட்டாள். ராத்திரியில் எழுந்திரிப்பதுண்டா என்று கேட்டார். எப்பவாவது என்றாள். அதையும் எழுதினார். அவ்வளவுதான், பேனா மூடியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

"மூடாதீங்க சார்."

அவளுக்கே அது வேறு யாருடைய குரலோ போலிருந்தது. மகள் பக்கம் திரும்பாமல் மேசை விளிம்பைப் பார்த்துப் பேசினாள்.

"நாலு வருஷமா ஒரு ராத்திரி முழுசா நான் தூங்கல சார். ரெண்டு தடவை, மூணு தடவை எந்திரிப்பேன். போன மாசம் பாத்தா சர்க்கரை எறங்கி இவ உடம்பு ஜில்லுனு கெடக்கா, கூப்பிட்டா முழிக்கல. செத்துட்டான்னே நெனச்சேன். வாயில சர்க்கரையைத் தேச்சுத் தேச்சு எழுப்பினேன். பட்டறையில உட்கார்ந்தா கண்ணு சொருகுது. போன வாரம் மிஷின் ஊசி விரல்ல ஏறிடுச்சு, பாருங்க." துணி சுற்றிய விரலை நீட்டினாள். "முடியல சார். சில நாள் பஸ்ல உட்கார்ந்தா, இறங்கவே வேண்டாம், இப்படியே எங்கியாச்சும் போயிடலாம்னு தோணும்."

அதிகாரி ஏற்கெனவே எழுதியதை அடித்துவிட்டு நீளமாக எழுதினார்.

"கிடைச்சிடும்மா. ரெண்டு வாரத்துல கடிதம் வரும். இதை முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு அலைச்சல் இருக்காது."

பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கிடைத்துவிட்டது, கிடைத்தேவிட்டது! மேஸ்திரியிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று மனசு ஓடியது. அந்த ஓட்டத்தில், இவ்வளவு தூரமும் வாயாடி ஒரு வார்த்தை பேசாமல் வந்ததைக் கவனிக்கத் தவறிவிட்டாள். திரும்பிப் பார்த்தபோது பிள்ளை கம்பத்தில் சாய்ந்து நின்றாள். உதடு வெளுத்திருந்தது. கழுத்தைத் தொட்டால் சட்டைக் காலர் தொப்பலாக நனைந்திருந்தது.

விரலைக் குத்தினாள். நாற்பத்தெட்டு. சர்க்கரை மளமளவென்று இறங்கியிருந்தது. பையிலிருந்து பழரசத்தை எடுத்துக் குழாயைக் குத்தி வாயில் வைத்தாள்.

"குடி. முழுசாக் குடி. எப்பலேர்ந்துடி இப்படி இருக்கு?"

"அந்த சார் ரூம்லயே நடுங்குச்சு."

"சொல்றதுக்கென்ன? எதுக்கெடுத்தாலும் வாயடிப்பியே, இதைச் சொல்ல வாய் வரலையா?"

பிள்ளை குழாயைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். "நீதான் முடியலன்னு சொன்னியே. தானா சரியாயிடும்னு பாத்தேன்."

எது நடக்கக்கூடாது என்று கைக்காரி நாலு வருடமாகக் கட்டிக்காத்தாளோ அது ஐந்தே நிமிடத்தில் நடந்துவிட்டது. அதுவும் அவள் வாயாலேயே. பிள்ளைக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது பணத்துக்காகச் சொன்னதுடி."

"அப்ப பொய்யா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் துணி சுற்றிய விரலை அல்லவா பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள்!

"பொய் இல்ல" என்றாள் கடைசியில். "களைப்பா இருக்கு, நிஜம்தான். உன்மேல இல்ல, இந்த வியாதிமேலதான் கோவம். ஆனா உனக்கு நடுங்குறப்ப நீ சொல்லாம இருந்தே, அதை என்னால தாங்க முடியாது. எத்தனை மணிக்கா இருந்தாலும் எழுப்பணும். சரியா?"

வாயாடி தலையாட்டினாள். பதினைந்து நிமிடம் ஆனதும் திரும்பக் குத்திப் பார்த்தார்கள். எண்பத்தாறு. உதட்டில் நிறம் வந்திருந்தது, பேச்சுதான் வரவில்லை.

பஸ் வந்தது. ஜன்னலோர இருக்கைக்கு என்றைக்கும் அடித்துப்பிடித்து ஓடுகிறவள் இன்றைக்கு ஒதுங்கி நின்றாள்.

"நீ உள்ள போம்மா."

கைக்காரி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பிள்ளை வெளிப்பக்கம் உட்கார்ந்து, காலை முன் இருக்கையில் முட்டுக்கொடுத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நீ தூங்கும்மா. நம்ம ஸ்டாப் வந்ததும் நான் எழுப்பிடுறேன். ரெண்டு பேரும் சேந்து இறங்கிடலாம்."