பதினைந்து பல்லும் பாலத்து மேடும்

சுயம்புலிங்கம் முதலாளியின் காதுபட எடை என்ற சொல்லை எவரும் உச்சரிக்கக் கூடாது. உஸ்மான் ரோட்டில் இருந்த அவருடைய ஜவுளிக்கடையில் இப்படியொரு பலகையை யாரும் எழுதி மாட்டவில்லை. அவரும் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டுக்கொண்டதில்லை. ஆயினும் கல்லாவுக்குப் பின்னால் இருந்த அவருடைய நாற்காலி இரண்டாம் முறையும் முறிந்தபோது, அடியில் இரும்புப் பட்டை போட்டுக் கொண்டுவந்த தச்சன், "இப்ப வர்ற நாற்காலி எல்லாமே இப்டித்தாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். தையற்காரர் அவர் இடுப்பைச் சுற்றி நாடாவைப் பிடித்ததும், எண்ணை மனத்துக்குள் வைத்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். ரிக்‌ஷாக்காரன் மண்ணாங்கட்டியோ, வண்டியைப் பின்னாலிருந்து தள்ளத் தன் மச்சானையும் அழைத்து வந்து, "சும்மா பேச்சுத் தொணைக்கி நைனா" என்பான்.

இந்த மரியாதை ஓர் இயந்திரத்துக்குள் நுழைந்தபோதுதான் சிக்கல் உண்டாயிற்று.

யுத்தம் முடிந்து, ராணுவத்தின் மிச்சச் சாமான்கள் ஏலத்துக்கு வந்த காலம் அது. பெட்ரோலுக்கு இன்னும் ரேஷன் இருந்தது. பல்லாவரத்து ஏலத்தில் முதலாளி ஒரு குட்டி ஸ்கூட்டரைப் பிடித்தார். சிப்பாய்களோடு பாராசூட்டில் இறக்குவதற்கென்றே செய்யப்பட்ட வண்டி. ஆட்டுக்குட்டி உயரம்தான் இருக்கும். மயிலாப்பூரில் பட்டறை வைத்திருந்த இனாயத், எஞ்சினைத் தவிர அதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் மாற்றினான். சட்டத்தை நீட்டினான், ஒற்றை கியரோடு வந்த வண்டிக்குப் பழைய மோட்டார் சைக்கிளொன்றின் இரண்டு கியர் பெட்டியைப் பொருத்தினான்.

இவ்வளவு சிரத்தைக்குக் காரணம் இருந்தது. பட்டறை இருந்த இடத்தை உடைமைக்காரர் காலி செய்யச் சொல்லியிருந்தார். முதலாளியின் கடைக்குப் பின்னாலோ ஒரு ஷெட் சும்மா கிடந்தது.

"அடையாத்துல வீடு பாத்திருக்கேன், பாய். மத்தியானம் வீட்டுக்குப் போயிச் சாப்புட்டுட்டு வரணும். வண்டி என்னைய வச்சிக்கிட்டுப் பாலத்து மேட்ட ஏறிட்டுன்னா ஷெட்டு உமக்குத்தான்" என்றிருந்தார் முதலாளி.

கியர் பெட்டியின் வாயில் இருந்து சங்கிலியை இழுக்கும் சிறிய பல்சக்கரத்தில்தான் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருந்தது. அதில் பற்கள் கூடினால் வேகம் கூடும். குறைந்தால் இழுவை கூடும். எத்தனை பல் வைப்பது என்பது மேட்டின் சரிவையும் எஞ்சினின் தெம்பையும் பொறுத்தது. மூன்றாவதாக இன்னொன்றையும் பொறுத்தது. அதைத்தான் வாயில் எடுக்கக் கூடாதே!

இனாயத் பதினைந்து பல்லில் தொடங்கினான். அவன் ஈர்க்குச்சி உடம்புக்காரன். வண்டி அவனைச் சுமந்துகொண்டு அடையாற்றுப் பாலத்தின் மேட்டில் சீட்டியடித்துக்கொண்டு ஏறியது. அடுத்து முதலாளி ஏறி உட்கார்ந்தார். பாதி மேட்டில் எஞ்சின் முனகியது, கிளட்ச் வழுக்கி, அதிலிருந்த கார்க் தீய்ந்து நாறியது, வண்டி நின்றது.

"காத்து, முதலாளி" என்றார் கணக்கப்பிள்ளை ராஜரத்தினம் உடனே. "கடல்காத்து எதுக்கால அடிக்கில்லா."

"பெட்ரோல்ல கிருஷ்ணாயில் கலந்துகீறான் நைனா" என்றான் மண்ணாங்கட்டி.

"பிளக்குல கரி புட்சிகீது மொதலாளி" என்றான் இனாயத்தும். சொன்ன மறுகணமே அவனுக்குத் தன் நாக்கின் மேல் கோபம் வந்தது.

முதலாளி திருச்செந்தூருக்குப் போயிருந்த நாளில் இனாயத் வேறொரு வழி கண்டான். அவருக்குச் சமமாக வேட்டிக்கட்டுகளை வண்டியில் ஏற்றி மேட்டில் ஓட்டிப் பார்த்துப் பல்லைத் தீர்மானிப்பது என்பதே அந்த யோசனை.

"எத்தினி கட்டு வெக்கலாம், கணக்குப்புள்ள?"

முதலாளி எங்கோ தூரத்தில் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தபோதிலும், ராஜரத்தினம் இருபுறமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எட்டு வையும்." அடுத்த நொடியே அவருக்கு மனம் உறுத்தியது. "எட்டு ரொம்பச் சாஸ்தி வே. அவ்வளவெல்லாம் இருக்க மாட்டாரு. ஒண்ண எடும்."

"வெள்ளச் சட்டை போட்டா அப்படித்தான் தெரியும், அண்ணாச்சி" என்றான் விற்பனையாள் வெள்ளைத்துரை. "இன்னொண்ணையும் எடுத்துருவோம்."

நாள்தோறும் அவரை இழுப்பவன் என்ற முறையில் மண்ணாங்கட்டிக்காவது உண்மை தெரிந்திருக்க வேண்டும். "கொயந்த மனசுபா அவுருக்கு" என்று சொல்லி அவனும் ஒரு கட்டை இறக்கினான். பழக்கதோஷத்தில் இனாயத்தும் தன் பங்குக்கு ஒன்றை இறக்கிவைத்தான். மிஞ்சிய நான்கு கட்டுகளோடு, பதின்மூன்று பல்லில், வண்டி மேட்டைத் துள்ளி ஏறியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

திருநீறும் பன்னீர் இலையுமாகத் திரும்பி வந்த முதலாளி, அதே பதின்மூன்று பல்லில் மேட்டை எதிர்த்துப் புறப்பட்டார். முன்பு நின்ற இடத்தைக் கடந்து கொஞ்ச தூரம் போனார். அங்கே வண்டி மறுபடி நின்றது; இம்முறை புகையே எழுந்தது.

"காத்துதான்" என்று ராஜரத்தினம் ஆரம்பித்தார்.

முதலாளி இறங்கி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரி, காத்துதான். பாய், உம்மையும் குத்தஞ்சொல்ல முடியாது. மவுண்ட் ரோட்டுல ஒருத்தன் இருக்கானாம்; அவன்கிட்டக் காட்டுதேன். ஷெட்டையும் அவன் கேக்கான்."

இனாயத் சுற்றிலும் பார்த்தான். பாலத்தோரத்து மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. ஆற்றுநீர் எண்ணெய்போல அப்படியே கிடந்தது. இனியும் காற்றின் மேல் பழிபோட்டுக் கொண்டிருந்தால் தன் சம்மட்டியையும் பட்டறைக்கல்லையும் தெருவில்தான் வைக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெளிவாயிற்று. முதலாளியின் அருகே போய், மற்றவர்களுக்குக் கேட்காதபடி அவர் காதோரம் குனிந்தான்.

"மொதலாளி, கோச்சிக்காதீங்க. காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. சங்கிலி இழுக்கற சக்கரத்துல பல்ல இன்னும் கொறைக்கணும். எத்தினின்னு பாக்கறதுக்கு... உங்க எடை தெரியணும்."

"எடையா?" என்றார் முதலாளி உரக்க.

ராஜரத்தினத்துக்குச் சட்டென்று ஆற்றின் மேல் அக்கறை பிறந்தது. மண்ணாங்கட்டி கட்டியிருந்த லுங்கியை அவிழ்த்து மறுபடி கட்டினான். ஷெட் போனது போனதுதான் என்று இனாயத் நினைத்தான்.

"ஆளு கனந்தான் இதுக்குக் கணக்குன்னா, முதல்லயே கேட்டிருக்கலாம்லா?"

"யாரும் கேக்க மாட்டாங்களே, மொதலாளி."

முதலாளி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எவரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருடைய கன்னம் லேசாகத் துடித்தது. அழப்போகிறாரோ சிரிக்கப்போகிறாரோ என்று இனாயத்தால் ஊகிக்க முடியவில்லை.

"ஷெட்டு எங்கயும் போவாது, பாய். வாரும்."

மேட்டின் அடியில் விறகு நிறுத்து விற்கும் தொட்டி ஒன்று இருந்தது. மூன்று கம்பங்களை முக்காலியாக நிறுத்தி, நடுவே பெரிய தராசைத் தொங்கவிட்டிருந்தார்கள். முதலாளி நேரே அங்கே போனார். தட்டில் கிடந்த சவுக்குக் கட்டைகளைத் தாமே இறக்கிப் போட்டார். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தட்டின் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். சங்கிலிகள் கிறீச்சிட்டன. விறகு வாங்க வந்தவர்களும், பாலத்தில் போய்க்கொண்டிருந்த ஜட்கா வண்டிக்காரனும் நின்று பார்த்தார்கள்.

"ஏலே ராஜரத்தினம், ஆத்த என்னலே பாக்க? இங்க வந்து படிக்கல்ல ஏத்து. என் எடை எவ்வளவுன்னு சத்தமாச் சொல்லணும்லே, பாலத்துக்கு அந்தப் பக்கம் நிக்கவனுக்கும் கேக்கட்டும்!"